பதினோரு பில்

முதல் தடவை நான் இறங்கவேண்டிய இடம் முதலியார்பேட்டை.
கன்னியக்கோயில் தாண்டும்வரை நினைவிருந்தது.
அரியாங்குப்பம் பாலத்தில்
முன்சீட்டுக்காரர் மடியில் ஒரு பழைய மிக்சி.
அதன் மோட்டார் எந்த வருஷத்தது என்று பார்க்கத் தொடங்கினேன்.
பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டு, எல்லாம் இறங்கு என்றார் கண்டக்டர்.

போனில், தப்பு பண்ணிட்டேன் மேடம்.
'உங்களுக்கு மூணுன்னு சொன்னேன்.
என் நோட்டுல மூணரைன்னு இருக்கு.
மெதுவா வாங்க' என்றார் ஜெனோவா.
நாற்பத்துமூன்று வருஷத்தில்
என் மறதிக்கும் சேர்த்து இடம் விட்டிருந்த
முதல் நோட்டு.

தாளில் ஏடிஎச்டி என்றிருந்தது. தமிழில் கேட்டேன்.
கவனக்குறைவு என்று ஆரம்பித்து
மிகையியக்கம் என்று போயிற்று.
பழக்கப்பட்ட சொற்கள்தான்.
ஆல்பேட்டையில் ஒரு ஆட்டின்மேல் பைக்கை விட்டபோது
ஸ்டேஷனில் எழுதினார்கள்:
கவனக்குறைவாகவும் அதிவேகமாகவும்.
பதினேழு வருஷம் முன்பே
ஏட்டையா கண்டுபிடித்துவிட்டார்.

குறைவு இல்ல மேடம், என்றேன்.
எக்கச்சக்கமா இருக்கு.
என் பேச்சைக் கேக்காது, அவ்வளவுதான்.

ஓ.டி. துறைமுகத்தில் விசாரித்துப் பாருங்கள்.
பக்கிரியின் படகு இன்ஜினை
இரவு எட்டு மணிக்குத் திறந்தேன்.
இன்ஜெக்டர் ஒவ்வொன்றாய்க் கழற்றிக் கழுவிப் பூட்டி
நிமிர்ந்தபோது உப்பனாற்றில் வெயில்.
தூக்குவாளிச் சோற்றில் எறும்பு.
அது தை மாதம். இப்போது ஆடி.
அந்த வேலைக்கு இன்னும் பில் போடவில்லை.
அதையும் சேர்த்துப் பதினொன்று.

அஞ்சலாட்சி பில் புக்கைத்
தலையணைமேல் வைத்துப் பார்த்தாள்,
சாப்பாட்டுத் தட்டில் வைத்துப் பார்த்தாள்,
ஒருநாள் என் நெஞ்சுக்கு நேராக வீசினாள்.
பத்து நிமிஷ வேலை, என்றாள்.
பத்து நிமிஷம்தான்.
ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்குள் இறங்க
எனக்குப் படிக்கட்டு இல்லை.
ஓரத்தில் நின்று எட்டிப்பார்த்துவிட்டு
ஆறு மாதமாகத் திரும்பி வருகிறேன்.

டீசல் இன்ஜினில் கவர்னர் என்று ஒன்று உண்டு.
வேகம் மீறினால் எண்ணெயைக் குறைக்கும்.
எனக்கு அது போயிடுச்சு மேடம், என்றேன்.
'பாண்டிச்சேரியில அந்தச் சொல்லை
கொஞ்சம் மெதுவா சொல்லுங்க' என்று சிரித்தார்.
பிறகு,
'மாத்திரையை டாக்டர் பாத்துக்குவார்.
நாம பில்லைப் பாப்போம்.'

வியாழன், ஏழு மணி, வீடியோ கால்.
'நான் பேசமாட்டேன். நீங்க எழுதுறப்ப
சும்மா கூட இருப்பேன்.'
இதுக்குமா காசு, என்றாள் அஞ்சலாட்சி.

கிரீஸ் டப்பாவில் போனைச் சாய்த்துவைத்தேன்.
அந்தப் பக்கம் அவர்
புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்,
தலை நிமிராமல்.
பக்கிரி என்று எழுதினேன்.
தேதி எழுதினேன். தப்பு. அடித்தேன்.
தண்ணீர் குடிக்க எழுந்தேன்,
வழியில் ஃபேன் கிறீச்சிட்டது,
ஸ்க்ரூ டிரைவர் எங்கே, ஸ்டூல் எங்கே.
ஸ்டூல்மேல் நிற்கிறபோது
கீழே போனுக்குள்ளிருந்து
டப்பாவில் கொட்டை விழும் சத்தம்:
டக்.
கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

இறங்கினேன்.

எட்டு மணிக்கு மூன்று பில் தேறியது.
அவர் கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினார்:
'இது பங்குனியிலேருந்து கெடக்குது.'

பில்லை வாங்கிப் பார்த்த பக்கிரி
வெகுநேரம் அதையே பார்த்தான்.
'நம்மகிட்ட காசு வாங்கக்கூடாதுன்னு
நெனச்சிட்டேன்னு இருந்தேன், தீர்த்தகிரி.
அதான் கண்ணுலயே படாம இருந்தேன்.'
எனக்கு வாய் வரவில்லை.

ஃபேன் இன்னும் கிறீச்சிடுகிறது.
ஸ்டூல் நட்டநடுவில்தான் கிடந்தது,
நேற்று, சனிக்கிழமை, விளக்கு வைத்த நேரம்வரை.
அஞ்சலாட்சி அதை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.
பொழுது சாய்ந்தால் நகம் வெட்டவிடாதவள்
நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்,
ஒரு வார்த்தை பேசாமல்.

நான்காவது பில். தேசிங்கு என்று எழுதினேன்.
இன்னிக்கு என்ன தேதி, என்றேன்.
நகவெட்டியால்
காலண்டரைக் காட்டினாள்.